சி

கருங்கலில் பத்தரைக்கே கரண்ட் போயிற்று.
கடை ஷட்டரைப் பாதி இறக்கி
யாருடையதோ ஒரு தண்ணி மோட்டாரைப்
பிரித்துப் போட்டிருந்தேன்.
போனில் பெல்சி.
இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அதுவும் வீடியோவில்,
ரெண்டு ஸ்வெட்டர், காதுவரை இழுத்த குல்லா.

"அண்ணே, ஹீட்டர் ஓடல்ல.
சுவத்துல உள்ள பழைய பெட்டி செத்துப்போச்சு.
புதுசு வாங்கியாச்சு, மாட்டத் தெரியல்ல.
ஆள் திங்கக்கிழமதான் வருவானாம்.
வெளிய மைனஸ் முப்பத்தொண்ணு."

வின்னிபெக்கில் இரவு பதினொன்று.
அவள் மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி.
எனக்குத் தெரிந்த குளிரெல்லாம்
மார்கழி விடியலில் ஒரு வாளித் தண்ணி.
ரப்பர் ஷீட் உணத்தும் புகைப்புரை தெரியும்,
அண்டி வறுக்கும் அடுப்பு தெரியும்.
வீட்டுக்கென்று ஓர் உலை,
அதை மேய்க்கச் சுவரில் ஒரு பெட்டி என்றால்?

"எத்தன வோல்ட்?"
"இருவத்துநாலு."
"அட, காலிங் பெல்!"
சொன்ன பிறகுதான் நின்றது
என் கை நடுக்கம்.

"மெயினை அணை. அணைச்சியா?
மொதல்ல போட்டோ எடு. பெறகு கழத்து."
சிவப்பு ஆரில், வெள்ளை டபிள்யூவில்,
மஞ்சள் ஒய்யில், பச்சை ஜியில்.
பச்சை என்றால் எர்த் என்றது என் விரல்.
அங்கே பச்சை காற்றாடிக்காம்.
இருபது வருஷம் பழகிய நிறத்தை
அரை நிமிஷத்தில் மறக்கவேண்டியிருந்தது.

புதுப் பெட்டியில் ஐந்தாவதாக ஓர் ஓட்டை.
"சி-ன்னா என்ன?"
"காமன். பொது."

வாயைவிட்டு வந்த சொல்
எங்கள் நடுவில் நின்றுகொண்டது.
மேற்படி கிணறும் மூணடி நடையும் பொதுவில்
என்ற வரியில்
அவள் வக்கீல் சிவப்பு மையால் அடித்த சொல்.
ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில்
நாலுபேர் கேட்க
நானும் கொஞ்சம் பேசியிருக்கிறேன் அன்றைக்கு.

மூக்கை உறிஞ்சினாள். குளிர்தான்.

"பழசு பேட்டரில ஓடிச்சு, கேட்டியா.
புதுசுக்கு எப்பவும் கரண்ட் வேணும்.
போனது திரும்பி வர ஒரு வழி வேணும்."
"வழி இல்லியே."
"சுவத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு."

இருந்தது.
யாருக்கும் வேண்டாமல் சுருட்டிச் செருகிய ஒரு நீலக் கம்பி.
"கொள்ளாம்" என்றேன்.
நிலவறைக்கு இறங்கி
ஃபர்னஸின் மூடியைக் கழற்றி
மறுமுனையையும் சியில் முறுக்கினாள்.
கத்தி பக்கத்திலேயே கிடக்க, பல்லால் தோலுரித்தாள்.
என் போனில் பதினொரு சதவீதம்.

மெயினைப் போட்டாள். ஒன்றுமில்லை.
மறுபடியும். ஒன்றுமில்லை.
ஃபியூஸ் என்றேன், டிரான்ஸ்ஃபார்மர் என்றேன்,
வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.
அவள்தான் கண்டுபிடித்தாள்:
மூடி சரியாகப் பொருந்தாவிட்டால்
உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் சம்மதிக்காது.
முழங்காலால் ஓர் இடி.
"அண்ணே, வந்துட்டு!"

தீ பற்றும் சத்தம், இருமலைப்போல.
பிறகு காற்று, குழாய் குழாயாக ஏறிப்போகும் காற்று.
இங்கே நின்றுபோன ஃபேனுக்குக் கீழே
என் கழுத்து வியர்வை
பிரித்த மோட்டாரில் சொட்டியது.
"சாரமில்ல, போய்ப் படு."

இன்னும் முடியவில்லை.
பெட்டி வைஃபை பாஸ்வேர்டு கேட்டது.
விறைத்த விரலால் ஒவ்வொன்றாக,
நான் இருப்பதை மறந்து
வாய்விட்டுச் சொல்லி அடித்தாள்:
ஒண்ணு, நாலு, ஒண்ணு, ரெண்டு,
சாய்கோடு,
மூணு, பெரிய பி, ரெண்டு.

தொலையாவட்டத்துக் கிணற்றின் சர்வே நம்பர்.

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.
நான் இமைக்காமல் இருந்தேன்,
நெட் உறைந்துபோனவனைப் போல.
"அண்ணே?
கேக்குதா?
அண்ணே?"